நாலு புள்ளியில் காவோனாஷி

மகளின் பத்தாவது பிறந்த நாளுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். பூ, பலூன், இளவரசி எல்லாம் வேண்டாமாம், காவோனாஷிதான் வேண்டுமாம். ஹயாவோ மியாசாகியின் 2001ஆம் வருடப் படம் ‘ஸ்பிரிட்டட் அவே’யில் வருமே, கருப்புப் போர்வைக்குள்ளிருந்து வெள்ளை முகமூடியை நீட்டிக்கொண்டு ‘ஆ... ஆ...’ என்று முனகும் உருவம், அதுதான். ஒரு படத்தை பென்டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். முகமூடியின் ஓரமெல்லாம் படிக்கட்டு.

“ஆறடிக்கு இழுத்தா பிக்சல் அடிக்கும் சார். எவ்வளவு இழுத்தாலும் உடையாத கோரல் ஃபைல் இருந்தா கொண்டாங்க.”

நானே வரைந்துவிடுவது என்று அன்று ராத்திரி தொடங்கிய பித்து இன்னும் தெளியவில்லை. தெளிய வேண்டாம் என்றுதான் எனக்கும் ஆசை!

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பயாலஜி ரெக்கார்டு நோட்டுக்குத் தவளையை அண்ணன் வரைந்து கொடுக்க, பெயர் மட்டும் எழுதிக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவனை ஒரு மென்பொருள் இரண்டு வாரத்தில் காவோனாஷி வரைய வைத்தது. அதன் பெயர் இங்க்ஸ்கேப். 2003இல் சோடிபோடி என்ற நிரலிலிருந்து பிரிந்து வந்தது. காசு கிடையாது, இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட ஒரு சாக்குகூட மிச்சமில்லை.

மூலப்படத்தை ஒரு லேயரில் வைத்து, மங்கலாக்கி, பூட்டு போட்டேன். மேலே புது லேயர். பேனாக் கருவியை எடுத்து முகமூடியின் ஓரத்தில் டிக், டிக், டிக் என்று தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். கிடைத்தது பலாப்பழம், முள்முள்ளாக! எத்தனை புள்ளி வைத்திருக்கிறேன் என்று கீழ்ப்பட்டையில் பார்த்தால் 63. நாயன்மார் கணக்கு.

அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. தட்டிவிட்டுக் கையை எடுக்கக் கூடாது, அழுத்தியபடியே இழுக்க வேண்டும். இழுத்தால் புள்ளிக்கு இரண்டு பக்கமும் மீசை முளைக்கிறது. மீசையைத் திருகினால் கோடு வளைகிறது. வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய நாலு இடத்தில் மட்டும் புள்ளி வைத்தேன். மேலும் கீழும் மீசையைப் படுக்கப் போட்டேன், பக்கங்களில் நிமிர்த்தி வைத்தேன். அடடா! முட்டை ஓடு மாதிரி வழவழவென்று முகமூடி வந்து உட்கார்ந்தது. அறுபத்து மூவர் போய் நால்வர் மட்டும் மிச்சம். (மாணிக்கவாசகர் அறுபத்து மூவரில் சேர்த்தி இல்லையே என்று கேட்பவர்கள் மன்னிக்க.) நடுராத்திரியில் நான் போட்ட கூச்சலில் வீடே எழுந்துகொண்டது.

புள்ளியைக் குறைக்கக் குறைக்கப் படம் அழகாகிறது. இந்த ஒன்றுக்காகவே யாரைப் பார்த்தாலும் பிடித்து உட்காரவைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மீசையைத் திருகி வரும் இந்த வளைவுக்கு பெசியே வளைவு என்று பெயர். பியர் பெசியே ரெனோ கார் கம்பெனியின் இன்ஜினியர். கார் பாடியின் வளைவுகளைக் கணக்குக்குள் அடக்க 1960களில் இதைக் கையாண்டு உலகறியச் செய்தார். அவருக்கு முன்பே, 1959இல், சித்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ இதே கணக்கைப் போட்டுவிட்டார். கம்பெனி அதை வெளியே விடாததால் பெயர் பெசியேவுக்குப் போய்விட்டது. பாவம் மனுஷன். காரின் மட்கார்டுக்குப் போட்ட கணக்கு என் வீட்டு மேஜையில் ஜப்பான் பேய்க்கு முகம் வரைகிறது!

அனிமே உருவங்களை இப்படிப் புள்ளியும் வளைவுமாக, அதாவது வெக்டரில், வரைவது ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது என்பதும் மெல்லப் புரிந்தது. கணினி வருமுன் இவற்றை செல்லுலாய்டு தாள்களில்தான் செய்தார்கள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயின்ட். ஓர் இடத்துக்கு ஒரே நிறம். நிழல் என்றாலும் கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் கொண்ட இன்னொரு நிறம். வெக்டருக்குத் தெரிந்ததும் இதுவேதான், மூடிய வடிவம், அதற்குள் ஒரு நிறம். நிழலின் உள்ளோரத்தை மட்டும் கவனமாகப் போட்டு, வெளிப்பக்கத்தைத் தாறுமாறாக விட்டுவிட்டேன். அடி வடிவத்தோடு சேர்த்து இன்டர்செக்‌ஷன் கொடுத்ததும் வெளியே வழிந்ததெல்லாம் மாயம். ஒரு எச்சரிக்கை. அடி வடிவத்தை கன்ட்ரோல் டி அடித்து நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். எனக்கு மூன்று முறை விழுங்கியது.

முகமூடி முடிந்தது. கண்ணுக்கு மேலும் கீழும் அந்த ஊதா நிறத் தீற்றல்கள், அசட்டுச் சிரிப்போடு ஒரு வாய். (அது வாயே இல்லை. நிஜ வாய் முகமூடிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. படத்தில் அது திறக்கும்போது மகள் என் மடியில் ஏறிவிட்டாள்.) கண்ணைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில்தானே செய்கிறார்கள்? இரண்டு கருப்பு நீள்வட்டம், அவ்வளவுதான். வைத்த நொடியில் அது என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது!

ஃபைலை நோட்பேடில் திறந்துகூடப் பார்த்தேன். உள்ளே படமே இல்லை, எழுத்தும் எண்ணும்தான். ‘எம்’ என்றால் இங்கே போ, ‘சி’ என்றால் இப்படி வளை. இவ்வளவுதான் காவோனாஷி. தபால்தலை அளவென்றாலும் தேர் அளவென்றாலும் அதே எண்கள்தான், ஓரம் பிசிறாது.

பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனேன். தம்பி பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான், திரை முழுக்க ஒரு கண் மட்டும் நிற்கிற அளவுக்கு. படிக்கட்டைக் காணோம். “யார் சார் போட்டுக் கொடுத்தது?” என்றான். நான் பதில் சொன்ன தோரணையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்து அனிமே நாயகன் தான்ஜிரோவின் பச்சை, கருப்புக் கட்டம் போட்ட மேலங்கி. நாலு சதுரம் வரைந்து அதையே பேட்டர்ன் ஆக்கி நிரப்பிவிடலாம். ஆனால் துணி மடியும் இடத்தில் கட்டம் மடிய மாட்டேன் என்கிறது, மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கோகு என்ற இன்னொரு அனிமே நாயகனின் தலைமுடியை நடுவில் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். எடுத்த எடுப்பில் கோகுவின் தலைமுடியில் கை வைக்காதீர்கள். முதல் படம் காவோனாஷியாகவே இருக்கட்டும். முகமூடிக்கு நாலு புள்ளி, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.