ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்: ஊவா மலைக்கு எந்த மவுண்டன் பைக்?

தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை ஏறும் தோட்டப் பாதை ஏறத்தாழ 7 கிலோமீற்றர். ஏறும்போது ஒரு சைக்கிளும் இறங்கும்போது இன்னொரு சைக்கிளும் கேட்கிற பாதை அது. இரண்டையும் ஒரே வண்டியில் தர முடியுமா என்பதுதான் கிராஸ்-கன்ட்ரி மவுண்டன் பைக் செய்யும் நிறுவனங்கள் இத்தனை காலமும் மல்லுக்கட்டிய கேள்வி. முடியும் என்று இன்றைக்குச் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் சேர்த்ததெல்லாம் பதுளைக்கும் பசறைக்கும் வேண்டியதுதானா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டியை மாற்றியது போட்டிப் பாதை. இந்த விளையாட்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் நடந்த 1996 அட்லாண்டாவில் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸ் 2 மணி 17 நிமிடம் 38 செக்கன் ஓட்டித் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எலன்கூர் குன்றில், டயர் காற்றுப் போயும் பின்னாலிருந்து விரட்டிப் பிடித்த பிரித்தானியாவின் டொம் பிட்கொக்குக்கு எடுத்தது 1 மணி 26 நிமிடம் 22 செக்கன். நேரம் குறைந்தது, பாதை கொடூரமானது. பாறைக் குவியல், செங்குத்து இறக்கம், பாய்ந்து கடக்க வேண்டிய பள்ளம் எல்லாம் வந்து சேர்ந்தன. தொண்ணூறுகளின் வண்டி ஏறுவதற்கென்றே செய்யப்பட்டது: 26 அங்குலச் சக்கரம், ஒடுங்கிய டயர், உயர்ந்த சீட். இறக்கம் வந்தால் கடவுள் விட்ட வழி.

திருப்பம் எங்கே என்று கேட்டால் 2012 லண்டனைச் சொல்வேன். செக் குடியரசின் யாரொஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரமும் முன்பின் இரு பக்கமும் சஸ்பென்ஷனும் உள்ள வண்டியில் வந்தார். சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 27.5 அங்குலச் சக்கரத்தில், பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலில் வந்தார். இருவருக்கும் இடையில் ஒரே ஒரு செக்கன், தங்கம் குல்ஹாவிக்கு. நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் ஷூர்ட்டர் தங்கம் வென்றபோது அவரும் 29 அங்குல, இருபக்கச் சஸ்பென்ஷன் வண்டிக்கு மாறியிருந்தார். லண்டனில் மூன்றாவதாக வந்த இத்தாலியின் மார்க்கோ ஒரேலியோ ஃபொன்டானா, கடைசிச் சுற்றில் சீட் கழன்று போய் நின்றுகொண்டே ஓட்டி முடித்தார். இன்று ஹேண்டிலில் ஒரு விசையைத் தட்டி, இறக்கம் வரும்போது சீட்டை வேண்டுமென்றே தாழ்த்திக்கொள்கிறார்கள். சீட் தாழ்ந்தால் உடம்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோகலாம்; முன்னால் குப்புற விழும் பயம் பாதி குறையும்.

மற்றப் பாதியைக் குறைப்பது முன் போர்க்கின் சாய்வு. அக்காலத்தில் அது தரையோடு 70, 71 பாகையில் நின்றது. கனன்டேல் ஸ்கல்பெல் 2020இல் 68 பாகை, 2024இல் 66.6. அதே ஆண்டு வந்த ஸ்பெஷலைஸ்ட் எபிக் 8, முன்னும் பின்னும் 120 மில்லிமீற்றர் சஸ்பென்ஷனோடு 66 பாகையைச் சுற்றி நிற்கிறது. ஸ்கொட் ஸ்பார்க் 67.2 பாகை, பின் சஸ்பென்ஷனைச் சட்டத்துக்கு உள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறார்கள். ட்ரெக் சுப்பர்கலிபர் மட்டும் கொஞ்சம் பழைய கட்சி: பின்னால் 80 மில்லிமீற்றரோடு நிறுத்திக்கொண்டது.

மூன்று நான்கு பாகையில் என்ன இருக்கிறது? மேல்கணக்கு லயத்திலிருந்து கீழ்கணக்குக்கு இறங்கும் குறுக்குப் பாதையை நினைத்துப் பாருங்கள். கல் பதித்த படி, படிக்குக் கீழே பாதையை அறுத்துக்கொண்டு போகும் கான். போர்க் செங்குத்தாக நின்றால் சக்கரம் ஓட்டுபவரின் கைக்கு நேர் கீழே இருக்கும். கானுக்குள் அது இறங்கிய கணமே உடம்பின் பாரம் முழுவதும் அதைத் தாண்டிப் போய்விடும். போர்க் சாய்ந்தால் சக்கரம் முன்னுக்குத் தள்ளி நிற்கும், பாரம் அதற்குப் பின்னாலேயே தங்கும். 29 அங்குலச் சக்கரம் பெரிதாக இருப்பதால் அந்தக் கானுக்குள் அவ்வளவு ஆழமாக விழவும் செய்யாது. சாய்வு கூடினால் ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும் என்பது உண்மை. அதற்காகத்தான் சீட்டை நிமிர்த்தி, 75 பாகை அளவில் பெடலுக்கு மேலே கொண்டுவந்தார்கள். என் கணிப்பில் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் வந்த மாற்றங்களில் ஊவாவுக்கு மிகவும் வேண்டியது இந்தச் சாய்வுதான். காசு கூடிய பொருள் எதுவும் அதற்குத் தேவையில்லை. மலிவான அலுமினியச் சட்டத்திலும் அதே கோணத்தில் குழாயை ஒட்டலாம்.

அடுத்தது கியர். இங்கே கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்த காலத்தில் ஆகச் சிறியது 22 பல், பின்னால் ஆகப் பெரியது 34. ஒரு தடவை பெடல் சுற்றினால் 26 அங்குல வண்டி சுமார் 1.34 மீற்றர் நகரும். 2016க்குப் பிறகு முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் பன்னிரண்டும் வழக்கமாயின. முன்னால் 32, பின்னால் 51 என்று வைத்தால் விகிதம் பழையதைவிடக் குறைவு, கால் இலகுவாகச் சுற்ற வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் சக்கரம் 29 அங்குலமாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு 1.44 மீற்றர் போகிறது. உண்மையில் கால் பாரம் கூடியிருக்கிறது. உலகக் கிண்ண வீரருக்கு இது பொருட்டில்லை. மடுல்சீமைத் தோட்டப் பாதையில் வெயில் நேரத்தில் ஏறும் பதினாறு வயதுப் பையனுக்குப் பொருட்டு. முன்னால் 30 பல் போட்டால் 1.35 மீற்றருக்கு வந்துவிடும். வண்டி வாங்குகிறவர்கள் கடையிலேயே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பாகம் இது.

நம் ஊர் ஒற்றைக் கியர் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு 5 மீற்றருக்கு மேல் போகும். யாழ்ப்பாணத்துச் சமதரைக்கு அது அருமையான வண்டி. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே சைக்கிளைத் தேடியபோது, மலையகத்தில் அதை வாங்கியவர்கள் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் ஏறினார்கள். மலைப்பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் காலில் குறையில்லை, கிடைத்த கியர்தான் பொருந்தவில்லை.

டயருக்கு வருவோம். முன்பு 2 அங்குல அகலம், இப்போது 2.4. உள்ளே டியூப் இல்லை, ஓட்டை விழுந்தால் தானே அடைக்கும் பால் போன்ற திரவம் இருக்கிறது. டியூப் நசுங்கும் பயம் இல்லாததால் காற்றைக் குறைத்து ஓடலாம். குறைந்த காற்றில் டயர் கல்லை அணைத்துப் பிடிக்கும், கரடுமுரடில் வேகமும் கூடும். ஆடி ஆவணியில் கச்சான் அடிக்கும்போது ஊவா மண் காய்ந்து, இறுகிய தரைக்கு மேல் பொடிக்கல் உருளும். தாழ்ந்த பல் டயர் அதற்குப் போதும். ஐப்பசி தொடங்கி மழை பிடித்தால் அதே சிவப்பு மண் களியாகி டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே சட்டத்தில் இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து வாங்குங்கள். பிரேக் கட்டாயம் எண்ணெய் டிஸ்க்காக இருக்க வேண்டும். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு நனைந்த ரோட்டில் இறங்குகிறவருக்கு ரிம்மை உரசும் ரப்பர் கட்டை துணைக்கு வராது.

இருபக்கச் சஸ்பென்ஷன்தான் எனக்கு மாற்றுக்கருத்து உள்ள இடம். உலகக் கிண்ணத்தில் அது இல்லாமல் இன்று வெல்வது கடினம். ஆனால் பின்சட்டம் மடங்கும் ஒவ்வொரு மூட்டிலும் பெயரிங் உண்டு. இரண்டு மாத மழையும் களியும் அவற்றுக்குள் இறங்கினால் கழற்றிச் சுத்தம் செய்து மாற்ற வேண்டும். அந்த அளவுப் பெயரிங்கும் அழுத்தக் கருவியும் எட்டாத ஊரில் வண்டி சுவரில் சாய்ந்தே கிடக்கும். தரையைத் தானே உணர்ந்து சஸ்பென்ஷனை இறுக்கித் தளர்த்தும் மின்னணு அமைப்பு இன்னும் தூரம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். முன்னணி நிறுவனங்களின் உச்ச மாதிரிகள் 10,000 அமெரிக்க டொலரைத் தாண்டுகின்றன. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் 30 இலட்சம். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 2,200 நாள் கொழுந்து பறித்தாலும் அந்த வண்டி வராது. ஆகவே இந்த மாகாணத்துக்கு ஏற்றது, புதிய கோணத்தில் செய்த அலுமினிய ஹார்ட்டெயில்: முன்னால் 120 மில்லிமீற்றர் போர்க், 67 பாகைக்குள் சாய்வு, 29 அங்குலத்தில் 2.4 டயர், 30 பல், தாழும் சீட். ஹார்ட்டெயில் ஓட்டிப் பழகியவருக்கு எந்தக் கல்லில் சக்கரத்தை வைப்பது என்ற கண் தானாக வரும். பின்னர் எந்த வண்டியிலும் அது உதவும்.

பாதைக்குப் பஞ்சமில்லை. 2014இல் தொடங்கிய ‘ரம்பிள் இன் த ஜங்கிள்’ பல நாள் போட்டி வெளிநாட்டு வீரர்களை நம் மலைகளுக்குக் கொண்டுவந்தது. 300 கிலோமீற்றரைத் தாண்டும் பீக்கோ நடைபாதை ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாகத்தான் போகிறது. ஒலிம்பிக் வகைப் போட்டிக்கு ஒரு சுற்று 4 முதல் 6 கிலோமீற்றர் இருந்தால் போதும். ஒரே தோட்டத்தின் இரண்டு கணக்குகளுக்குள், கல் ரோட்டையும் குறுக்குப் பாதையையும் சேர்த்து அதை அமைத்துவிடலாம். தேயிலைச் செடிக்குள் சக்கரம் போகாதபடி கயிறு கட்ட வேண்டும். மலையில் ஆள் நிற்காத ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும். பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து பத்து ஹார்ட்டெயிலும் பத்து ஹெல்மெட்டும் பொதுவில் வைத்திருந்து, பிள்ளைகள் முறை வைத்து ஓடினால், முதல் போட்டியை வரும் கச்சான் காலத்திலேயே தொடங்கலாம்.