இளம்பச்சை ஆஸ்டன்

2018 ஜூலை 13. இங்கிலாந்தின் குட்வுட் எஸ்டேட்டில் போன்ஹாம்ஸ் நிறுவனம் ஒரு காரை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. இளம்பச்சை நிறம், இரண்டு கதவு, முன்னும் பின்னும் பம்பர் கிடையாது. நம்பர் பிளேட்டில் ‘2 வி.இ.வி.’ ஏல நிறுவனத்தின் கமிஷனும் சேர்த்து 1 கோடியே 81 ஆயிரத்து 500 பவுண்டுக்குப் போனது. ஐரோப்பிய ஏலங்களில் ஒரு பிரிட்டிஷ் கார் அதுவரை அவ்வளவு விலைக்குப் போனதில்லை. செய்தி போட்டவர்கள் எல்லோரும் தொகையைத்தான் தலைப்பில் வைத்தார்கள். எனக்கு அந்தக் காரின் கூரை பின்பக்கமாக இறங்கும் இடம் போதும். அங்கே கண் வைத்தால் பணம் மறந்துபோகிறது.

முழுப் பெயர் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.4 ஜி.டி. ஸகாட்டோ. டி.பி. என்றால் டேவிட் பிரவுன். பல்சக்கரமும் டிராக்டரும் செய்து வளர்ந்தவர், 1947ல் ஆஸ்டன் மார்ட்டினை வாங்கினார். அவருடைய டி.பி.4 காரைப் பந்தயத்துக்கென்று ஐந்து அங்குலம் குறுக்கியது ஜி.டி. அதுவும் கனம் என்று தோன்றியபோது, இத்தாலியில் மிலான் நகரத்து ஸகாட்டோ பட்டறையை நாடினார்கள். உகோ ஸகாட்டோ முதல் உலகப் போரின்போது விமானம் கட்டும் இடத்தில் தொழில் கற்றவர். 1919ல் சொந்தப் பட்டறை போட்டார். விமானம் கட்டியவன் கைக்கு ஒவ்வொரு கிலோவும் உறுத்தும். பம்பரை எடுத்தார்கள், பக்கக் கண்ணாடிக்குப் பதில் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் வைத்தார்கள், அங்கங்கே சுரண்டிச் சுரண்டி ஏறத்தாழ 45 கிலோ குறைத்தார்கள். இந்த உடம்பை வரைந்த எர்கோலே ஸ்பாடாவுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். 1960 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் கார் மேடையேறியது.

எஞ்சினைப் பற்றி இரண்டு வரி. போலந்துக்காரர் டாடெக் மாரெக் வடிவமைத்தது. 3,670 சிசி, ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு என்று பன்னிரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வெபர் கார்புரேட்டர். 314 குதிரைசக்தி என்று கம்பெனி சொன்னது. நல்ல எஞ்சின்தான். ஆனாலும் நான் நெடுநேரம் நிற்பது அதை மூடியிருக்கும் அலுமினியத் தகட்டின் முன்னால்.

அலுமினியம் பிடிவாதமானது. சுத்தியலால் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும். இறுகிய பிறகும் தட்டினால் விரியும் இடத்தில் கீறல் விழும். அதனால் நடுநடுவே சூடு காட்டி இளக்க வேண்டும். இரும்பு சிவந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து திடீரென்று உருகி விழும். அதற்குத் தகடு தட்டுகிறவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தகட்டின் மேல் சோப்பைத் தேய்த்து நெருப்பைக் காட்டுவது. சோப்பு கறுத்தால் பதம் வந்துவிட்டது, நெருப்பை விலக்கலாம். ஆறிய பின் மறுபடி தட்டல், உருளைகளுக்கு நடுவே கொடுத்து இழுத்தல், உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்த்தல். கண்ணுக்குத் தப்பும் மேடு கைக்குத் தப்பாது. இப்படிப் பிறந்த கார்கள் என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பானட்டின் மேல் எழும் புடைப்புகூட வண்டிக்கு வண்டி மாறும்.

அன்று இந்த ஸகாட்டோ ரகத்தை வாங்க அதிகம் ஆள் வரவில்லை. 19 கார்களோடு நின்றுபோனது. பந்தயத்திலும் பெரிய வெற்றிக்கதை என்று சொல்ல முடியாது. எஸ்ஸெக்ஸ் ரேசிங் ஸ்டேபிள் என்ற அணியின் இரட்டையரில் ஒன்று இந்த 2 வி.இ.வி. 1961ல் லே மான்ஸ் பந்தயத்துக்குப் போனது, இரட்டையர் இரண்டுமே பாதியில் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் குட்வுட் டூரிஸ்ட் டிராபியில் ஜிம் கிளார்க் இதை ஓட்டி நான்காவதாக வந்தார். ஃபெராரியில் வந்த ஸ்டிர்லிங் மாஸ் ஜெயித்தார். 1962ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் பலத்த அடி.

இங்கேதான் இந்தக் காரின் கதை என்னைப் பிடித்துக்கொள்கிறது. நொறுங்கியதைப் பழைய அச்சிலேயே கட்டியிருக்கலாம். ஆஸ்டன்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. கூரையைத் தாழ்த்தினார்கள், பின்சக்கரங்களின் மேல் தகட்டை அகலமாகத் திரட்டினார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கோடு மூக்கில் தொடங்கி, கதவின் மேல் சற்று அடங்கி, பின்சக்கரத்தின் மேல் ஓட்டக்காரனின் தொடைபோலத் திரண்டு, வால்பக்கம் இறங்கி முடிகிறது. வெளிச்சம் அதன்மேல் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அதே கோலத்தில் 1962 டூரிஸ்ட் டிராபிக்குத் திரும்பியது. முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஜான் சர்ட்டீஸின் ஃபெராரி கிளார்க்கை ஒரு சுற்று முந்த வந்த சமயம், கிளார்க்கின் பிடி நழுவிக் கார் சுழன்றது. இரண்டு வண்டிகளும் மோதின, இரண்டுமே பந்தயத்தை விட்டுப் போயின. அடிபட்ட அதே குட்வுட்டில்தான் ஐம்பத்தாறு ஆண்டு கழித்து ஏலம் போட்டார்கள்.

ஏலச் சந்தையில் ‘பிறந்த மேனி’க்கு மரியாதை அதிகம். சேஸிஸ் எண், எஞ்சின் எண், உடம்பு மூன்றும் முதல்நாளே சேர்ந்தவையா என்று துருவுவார்கள். அது தேவையான துருவல்தான், போலிகள் நிறைய உண்டு. ஆனால் அந்த அளவுகோலை இந்தக் காரின் மேல் வைத்து, தகடு மாறியதைக் குறையாகச் சொல்வது சரியில்லை. மாற்றியது பந்தயம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே கம்பெனியின் கையால், இன்னும் வேகமாக ஓட்டத்தான். அடிபட்டது, திருத்தப்பட்டது, மறுபடி அடிபட்டது எல்லாம் சேர்ந்துதான் 2 வி.இ.வி. கண்ணாடிப் பெட்டியில் தூங்கிய காருக்கு இந்த வாழ்க்கை வராது.

1991ல் மிச்சமிருந்த சேஸிஸ் எண்களைக் கொண்டு இன்னும் நான்கு ஸகாட்டோக்களை ஆஸ்டன் ஒப்புதலோடு கட்டினார்கள். வேலைப்பாட்டில் அவற்றையும் குறை சொல்ல மாட்டேன். என்றாலும் ஸகாட்டோ வரிசை முழுவதிலும் மிக அழகான கோடு, ஸ்பாவில் நொறுங்கிய பிறகு வந்த இந்தத் தாழ்ந்த கூரையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. படம் கிடைத்தால் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், கண்ணை முதலில் அங்கேதான் இழுக்கும். பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று எடுத்த படமாகத் தேடிப் பாருங்கள்.