பொம்மை விற்கப் பிறந்த கதை

பண்டம் விற்பதற்கென எழுதப்படுங் கதை இலக்கியமாகாது என்பாருளர். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். பட்டணத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய சில ஆங்கிலச் சித்திரக்கதை இதழ்கள் அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டன.

ஹாஸ்ப்ரோ என்னும் அமெரிக்கக் கம்பெனியார் 1982-ம் ஆண்டில் ஜி.ஐ. ஜோ என்ற பெயரால் சிறு போர்வீரப் பொம்மைகளை விற்கலாயினர். அந்நாளில் அந்நாட்டுப் பொம்மை விளம்பரங்களில் அசையுஞ் சித்திரத்தைச் சிறிதளவே காட்டலாமென்ற கட்டுப்பாடிருந்தது. புத்தக விளம்பரத்துக்கோ அத்தடையில்லை. ஆகவே மார்வல் பதிப்பகத்தாரைக் கொண்டு மாதமொரு சித்திரக்கதை வெளியிடுவித்து, அப்புத்தகத்தைத் தொலைக்காட்சியில் விளம்பரஞ் செய்தனர், பொம்மை விலைபோயிற்று. 1983-ல் தொலைக்காட்சிக் கதையும் வந்தது. பிறப்பு இத்தகையது; இதிற் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆயினும் எழுதப் புகுந்த லாரி ஹாமா என்பவர், வியட்நாம் போர்க்காலத்தில் இராணுவத்திற் பணியாற்றியவர். தொலைக்காட்சியிலே விமானம் எரிந்து வீழுமுன் விமானி குடைவிரித்து இறங்கிவிடுவான். எத்துணை வெடி வெடிப்பினும் எவனுஞ் சாகான். குழந்தைகளுக்கு இரத்தங் காட்டலாகாதாம்! காட்ட வேண்டா, அதற்காகப் போரில் ஒருவருஞ் சாவதில்லை என்று பொய் கூறலாமோ? ஹாமா அப்பொய்யைக் கூறினாரல்லர். 1991-ல் வந்த 109-ம் இதழில், சிறைப்பட்ட வீரர் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். மாண்டோருட் பலர், கடைகளைவிட்டு முன்னரே நீங்கிய பொம்மைகளுக்குரியோர் என்பதையும் யான் கவனியாமலில்லை. விற்பனையிலுள்ளோரை யமனும் எளிதில் அணுகான் போலும்.

இனி ஸ்னேக் ஐஸ் என்பானைக் காண்போம். வர்ணச் செலவைக் குறைக்கவே அப்பொம்மையை முழுக் கறுப்பாக வார்த்து விற்றனர். கம்பெனியாரின் சிக்கனம் அவ்வளவே. ஹாமாவோ அக்கறுப்புக்குள் ஒரு மனிதனை வைத்தார்: விபத்தில் முகஞ் சிதைந்து, பேச்சிழந்து, முகமூடியோடு வாழ்பவன். 1984-ல் வந்த 21-ம் இதழில் உரையாடல் ஒரு சொல்லுமில்லை. கோட்டையிற் சிறையிருக்கும் ஸ்கார்லெட் என்னும் வீராங்கனையை மீட்க அவன் செல்கிறான். அவளோ காத்திருந்து கண்ணீர் வடிப்பவளல்லள். தன் தளையைத் தானே நீக்கி வெளிவருகிறாள். முடிவில், பகைவன் முன்கையிலுள்ள குறியே இவன் முன்கையிலுங் காணப்படுகிறது. அவ்விருவருக்கும் பண்டு என்ன உறவு? படத்தையே நோக்கியிருந்தேன், பக்கம் புரட்ட மனம் வரவில்லை.

தோட்டத்தில் மானேஜர் சொல்ல எழுதுங் கிராணி யான். கட்டளைக்கு எழுதுகையில் சொந்தமாக ஒரு வரி நுழைப்பது எத்துணை அரிதென்று அறிவேன். ஹாமாவாலும் எப்பொழுதும் இயலவில்லை. புதுப் பொம்மையும் புது வண்டியும் வருந்தோறும் அவற்றைக் கதைக்குள் திணிக்க வேண்டியிருந்தது. அத்தகைய இதழ்களிற் பெயர்கள் வரிசையாக வந்து போகின்றனவேயன்றிக் கதை நகர்வதில்லை. அவற்றை யான் பாதியில் மூடிவைத்ததுமுண்டு.

155-ம் இதழோடு 1994-ல் அக்கதை முடிந்தது. அவ்விறுதி இதழில், பேசாத ஸ்னேக் ஐஸ் பட்டாளத்திற் சேர எண்ணும் ஓரிளைஞனுக்குக் கடிதம் எழுதுகிறான்.