சேலத்து ஆள்மாறாட்டம்

சேலத்தில் ஏற்காடு சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் பட ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த ஸ்டுடியோவைப்போல் ஆள்மாறாட்டத்தை ருசித்துப் படமாக்கிய இடம் தமிழில் வேறில்லை என்பேன்.

அதன் முதலாளியும் திருச்செங்கோட்டுக்காரருமான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் துணித்தொழில் படித்துவிட்டுப் படத்தொழிலுக்கு வந்தவர். 1940இல் 'உத்தம புத்திரன்' எடுத்தார். தமிழின் முதல் இரட்டை வேடம்; பி.யு. சின்னப்பா இரட்டையராக நடித்தார். அக்காலத்தில் இந்த வித்தையைக் கேமராவுக்குள்ளேயே முடிக்க வேண்டும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒருவனை எடுப்பார்கள். பிறகு அதே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியில் இன்னொருவனை எடுப்பார்கள். நடுக்கோட்டை நடிகரின் கை தாண்டினால் போச்சு! வெற்றிடத்தைப் பார்த்து, இல்லாத தம்பியின் கண்மட்டம் பிசகாமல் பேச வேண்டும்.

1945இல் 'பர்மா ராணி'. போருக்கு ஆதரவாகப் படமெடுக்க அரசு நெருக்கிய காலம்; ஃபிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்துக்கும் 11,000 அடி என்று வரம்பு வைத்திருந்தார்கள். ஜப்பான் பிடித்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானிகள், அவர்களைக் காக்கும் உளவுப்பெண்ணாகக் கே.எல்.வி. வசந்தா. ஜப்பானிய அதிகாரி வேடத்தை சுந்தரமே ஏற்றார். முதலாளியே வில்லனாக வந்து நிற்கும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். உளவுக்கதைக்கு அந்த அடிக்கணக்கு நல்லதே செய்தது என்றும் நினைக்கிறேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் கதையை இழுத்துக் கட்டியாக வேண்டுமே.

ஆனாலும் என் ஓட்டு 1950இல் வந்த 'திகம்பர சாமியாரு'க்கே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல், எம்.என். நம்பியாருக்குப் பதினோரு வேடம். நாதஸ்வரக்காரர், காது கேளாத வியாபாரி, தபால்காரர் என்று ஆள் மாறிக்கொண்டே போகிறார். நமக்கு ஆள் யாரென்று தெரியும், எதிரே நிற்பவனுக்குத் தெரியாது. சிரிப்பும் பதைப்பும் ஒன்றாக வருவது அதனால்தான். ஒப்பனையாளர் ஒட்டிய மீசை பாதி வேலைதான் செய்யும். மீதியைத் தோளின் சாய்விலும் குரலிலும் நடையிலும் நடிகர்தான் கொண்டுவர வேண்டும்.

நம்பியாரை வில்லனாக மட்டுமே அறிந்தவர்கள் 'திகம்பர சாமியார்' படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.