புற்றடியில் தொடங்கும் பாடம்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் இருக்கிறது. ஏல நாளில் உள்ளே போனால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. வியாபாரிகள் வரிசையாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் சின்னப் பையில் அவர்கள் கைக்கு வரும். பிரித்துத் தட்டில் கொட்டி நிறம் பார்ப்பார்கள். ஒரு காயைப் பிளந்து விதை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எட்டு எம்.எம். காயா, ஏழரையா என்பதை விரலே சொல்லிவிடும். திரையில் விலை ஏறும், நிற்கும், அடுத்த லாட் வந்துவிடும். விலை திருப்தி இல்லையென்றால் தோட்டக்காரர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2007-இல் தொடங்கிய இந்த மின் ஏலம் இங்கேயும் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. நடுவில் மாநில எல்லை ஓடினாலும் காய்க்குச் சந்தை ஒன்றுதான்.

அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் காய் எடுக்கும் அம்மாவே பாதிப் பதில் சொல்லிவிடுவார். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி வரும் பெண்கள் குவாத்தமாலா என்ற பெயரைத் தோட்டத்துப் பேச்சிலேயே கேட்டிருக்கிறார்கள். அந்த நாட்டில் ஏலக்காயைச் சமையலில் போடும் வழக்கம் பெரிதாக இல்லை. விளைவதை ஏறக்குறைய முழுக்க ஏற்றுமதி செய்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே செடி போனது. இன்று உலகச் சந்தையில் அவர்களே முதல் வரிசை. அங்கே மகசூல் கொழித்தால் வளைகுடா நாடுகளில் நம் காய்க்குக் கிராக்கி குறையும். 2018 வெள்ளத்தில் இங்கே செடி அழுகி, அடுத்த கோடையில் மிச்சமும் வாடி, வரத்து சுருங்கியது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இரண்டு வருஷம் கழித்து விலை ஆயிரத்தை ஒட்டிக் கிடந்தது.

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற மாணவர்களை மனத்தில் வைத்து வரும் இந்த மலருக்கு, உலகப் பொருளாதாரத்தையும் நாடுகளுக்கிடையிலான பொருளாதார உறவுகளையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றி எழுதக் கேட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தப் பாடத்தில் தென்னாட்டில் உருவான நல்ல மரபுகள் எல்லாம் ஊரையும் உலகத்தையும் சேர்த்தே பார்த்தவை. இன்றைய வகுப்பறையில் அந்தச் சேர்க்கை அறுந்து கிடக்கிறது. அதை மறுபடி கட்டுவதற்கு நம் எல்லைப்புறத்தைப் போல வாய்ப்பான இடம் வேறு இல்லை.

முதலில் சென்னை மரபு. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் இங்கிலாந்திலிருந்து வந்தார். புத்தகத்தில் உள்ள இங்கிலாந்தை அவர் இங்கே கொண்டுவந்து கொட்டவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, உன் ஊரில் யாருக்கு எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதி வா என்றார். அந்தக் குறிப்புகளிலிருந்து 1918-இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய தொகுப்பு நூல் வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி என்று ஊர்ப்பெயர்கள் பொருளியல் நூலுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அவருக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு 1927-இல் வந்தவர் பி.ஜே. தாமஸ், கேரளத்துக்காரர். ஸ்லேட்டர் பார்த்த கிராமங்களை 1936-37-இல் மறுபடி ஆராய வைத்தார். அதே கையால் அவர் எழுதிய இன்னொரு நூலைத்தான் நான் மாணவர்களுக்கு விடாமல் சொல்லுவேன். வணிகவாதக் கொள்கையையும் கிழக்கிந்திய வியாபாரத்தையும் பற்றி 1926-இல் வெளிவந்த ஆய்வு அது. இந்தியப் பருத்தித் துணி இங்கிலாந்தில் குவிந்தபோது அந்நாட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு நம் அச்சுத் துணியைத் தடுத்தார்கள். தடையற்ற வாணிபத்தை உலகத்துக்குப் போதித்த நாடு, தான் வளரும் காலத்தில் கதவை எப்படிச் சாத்திக்கொண்டது என்பதை ஆவணத்தோடு காட்டிய நூல். கிராமத்துக் கடன் கணக்கையும் லண்டன் நாடாளுமன்றச் சட்டத்தையும் ஒரே மனிதர் ஆராய்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு இரண்டு பக்கமும் இந்த ஞானம் வகுப்பறைக்கு வெளியிலும் இருந்தது. கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். சித்தூர் தாலுகா அன்று கொச்சி ராஜ்யத்தில் இருந்தது என்பதால், நம் பகுதித் தமிழர்கள் அவருடைய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். அவர் 1932-இல் ஒட்டாவா பேரரசுப் பொருளாதார மாநாட்டுக்குப் போனவர். 1944 ஜூலையில், சர்வதேச நிதியம் பிறந்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் உட்கார்ந்தவர். போரின்போது பிரிட்டன் நம்மிடம் வாங்கிய சரக்குக்கான ஸ்டெர்லிங் பாக்கி லண்டனில் முடங்கிக் கிடந்தது. அதை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்வியை அங்கே இந்தியக் குழு எழுப்பியது. சர்வதேச நிதியத்தின் பிறப்பைப் பாடத்தில் படிக்கும் சித்தூர் மாணவனுக்கு, அந்த மேஜையில் தன் பாட்டன் காலத்துத் திவான் இருந்தார் என்று எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவரே. அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜான் மத்தாய் கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னையில் பொருளியல் கற்பித்தவர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை இன்று திருச்சூரில் அவர் பெயரிலான மையத்தில்தான் நடக்கிறது.

இரண்டாவது மரபு திருவனந்தபுரத்தில் வேர்விட்டது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் மால்கம் ஆதிசேஷையாவிடம் படித்த திருச்சூர்க்காரர் கே.என். ராஜ். குருவும் சீடனும் உலகம் சுற்றிவிட்டு, ஏறக்குறைய ஒரே சமயத்தில், 1970-71-இல், தத்தம் மாநிலத்தில் ஆளுக்கொரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். சென்னையில் எம்.ஐ.டி.எஸ். என்னும் மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய சி.டி.எஸ். என்னும் வளர்ச்சி ஆய்வு மையம். வளர்ச்சியை வெறும் வருமான எண்ணால் அளக்காமல், நிலம், கூலி, படிப்பு, நோய் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த இடங்கள் இவை. வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பும் பணத்தைக் கேரளத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலையை 1998 முதல் கே.சி. சக்கரியாவும் இருதய ராஜனும் சி.டி.எஸ்.ஸிலிருந்து நடத்தினார்கள். நாட்டின் செலுத்துநிலைக் கணக்கில் ஒற்றை வரியாகக் கிடக்கும் தொகைக்குப் பின்னால் யார் வீட்டுக் கூரை, யார் மகள் கல்யாணம் என்று அந்த ஆய்வு காட்டியது. என் மதிப்பில், நம் காலத்தில் இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான உழைப்பு அது.

மூன்றாவது மரபை எந்த ஊர்ப் பெயரில் அழைப்பது என்று தெரியவில்லை. அது மூன்றாம் உலகத்தின் குரல். கச்சாப் பொருள் விற்கும் நாடுகளுக்கு வாணிப வீதம் நாளாக நாளாகப் பாதகமாகவே போகும் என்று அர்ஜென்டினாவின் ரவுல் பிரேபிஷும் ஹான்ஸ் சிங்கரும் 1950 வாக்கில் வாதிட்டார்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை இரண்டு வரியில் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். இடுக்கி விவசாயிக்கு மனப்பாடம் தேவையில்லை. ஒரு சாக்கு மிளகு விற்றால் முன்பு எத்தனை மூட்டை உரம் வாங்கினோம், இப்போது எத்தனை என்று அவர் எப்போதும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வாணிப வீதம் என்பது அதுதான். பிரேபிஷ் முதல் பொதுச்செயலாளராக இருந்த, ஐ.நா.வின் வாணிப வளர்ச்சி அமைப்பான அங்டாடுக்கு 1974 முதல் பத்து ஆண்டுகள் தலைமை வகித்தவர் நம் பக்கத்து நாடான இலங்கையின் கமனி கொரியா. தேயிலை, ரப்பர், காப்பி போன்றவற்றின் விலையை நிலைப்படுத்த ஒரு பொதுநிதி வேண்டும் என்று அவர் போராடினார். நினைத்த அளவுக்கு அது நடக்கவில்லை. காப்பி ஏற்றுமதிக்கு இருந்த பங்கீட்டு முறையும் 1989-இல் முடிந்து விலை சரிந்தது. தோற்ற முயற்சி என்பதற்காக இதைப் பாடத்திட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளக் கூடாது. தோட்டப் பயிர் ஊரில் பிறந்த பிள்ளை இந்த வரலாற்றை முழுசாகப் படிக்க வேண்டும்.

நான்காவதாகக் கணித மரபு. தமிழரான டி.என். சீனிவாசன் ஜகதீஷ் பகவதியோடு சேர்ந்து எழுதிய பன்னாட்டு வாணிபப் பாடநூல் உலகெங்கும் மேற்படிப்பில் புழங்கியது. டெல்லியிலும், 1993-இல் ராஜா செல்லையா தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் இந்த வழிதான் பலமாக இருக்கிறது. இதைக் கண்டு நம் மாணவர்கள் ஒதுங்குவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கணக்கு வராது என்று சொல்லி ஒதுங்குகிறார்கள். உண்மையில் அவர்களிடம் கணக்கைச் சரியான இடத்திலிருந்து யாரும் தொடங்கவில்லை.

வாளையாரிலிருந்து தொடங்கியிருந்தால் என்ன? 2017 ஜூலை 1-க்கு முன் அங்கிருந்த மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்றதை நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள். காகிதம் சரிபார்க்கும்வரை ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடி போனது. ஜேக்கப் வைனர் 1950-இல் சுங்க ஒன்றியம் பற்றிச் சொன்னதை விளக்க ஐரோப்பா வரை போக வேண்டிய அவசியம் இல்லை. தடை நீங்கினால் எங்கே புதிதாக வாணிபம் பிறக்கிறது, எங்கே பழையது திசை மாறுகிறது என்று கோழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் கடைக்காரரைக் கேட்டு எழுதலாம். பிறப்பிட விதி என்ற வறண்ட தலைப்பையும் அப்படியே நடத்தலாம். இலங்கையோடு 2000-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு தீர்வையில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு உள்ளே வருகிறது என்று விவசாயிகள் குமுறினார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். இந்தச் சங்கிலியை ஒரு முறை பின்தொடர்ந்த மாணவன் தேர்வில் அந்தக் கேள்விக்கு எழுதும் பதிலே வேறு மாதிரி இருக்கும்.

மூணாறைச் சொல்லாமல் விட முடியாது. 2015 செப்டம்பரில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு, எந்தச் சங்கத்தையும் நம்பாமல், பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று தினக்கூலி 232 ரூபாய். தேயிலை விலை விழுந்துவிட்டது, லாபம் இல்லை என்பது நிர்வாகத்தின் பதில். ஒன்பது நாள் கழித்து 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத் தொகையும் சேர்த்து அவர்கள் கேட்ட 20 கிடைத்தது. ஏலத்தில் தேயிலை விலை விழும்போது அந்த நட்டம் சங்கிலியில் யார் தலையில் வந்து இறங்குகிறது என்பது பன்னாட்டுப் பொருளியலின் நடுநாயகமான கேள்வி. அந்தப் பெண்களின் பிள்ளைகள் படிக்க மலையிலேயே 1995-இல் வந்தது மூணாறு அரசுக் கல்லூரி. 2018 மண்சரிவில் அதன் கட்டடம் சிதைந்தது. தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை கல்லூரி வாசல் வரை வருவதற்குத் தாண்டும் தடைகள் எத்தனை என்பதை, தரம் பற்றிப் பேசும் நாம் மறக்கலாகாது.

தடைகளில் பெரியது மொழி. பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள், பட்டப்படிப்பில் ஆங்கிலத்தில் கிராஃப் வரைந்து மலையாளத்தில் விளக்கம் கேட்கிறார்கள். நான் பாடம் நடத்திய ஒரு கல்லூரியில் ஒரு பெண் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் ஒப்பீட்டுச் செலவு நன்மையைத் தமிழில் சொன்னேன். “அப்படின்னா சார், பச்சைக்காயைக் காயப்போட ஸ்டோர் இல்லாதவங்க பச்சையாவே வித்துடறாங்களே, அதுவா?” என்று கேட்டாள். முழுக்க அதுவல்ல, ஆனால் அந்த வகுப்பில் அதுவரை வந்த கேள்விகளில் அதுதான் சிறந்தது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. பொருளியல் துறையோடு அது பேச வேண்டும். கலைச்சொல்லுக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் செலுத்துநிலை என்பதை இலங்கையில் சென்மதி நிலுவை என்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தரத் தேர்வில் பொருளியலைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்த ஒரு தலைமுறை உண்டு. அவற்றைத் தூசி தட்டி, உலக வாணிப அமைப்புவரை புதுப்பித்து, நம் பிள்ளைகள் கையில் ஆங்கிலப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

2024-இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்து, இன்டர்ன்ஷிப்புக்கும் திட்டப்பணிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. மாணவர்களே, வருகிற ஓணம் விடுமுறையில் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போங்கள். என்ன விற்கிறார்கள், எங்கே போகிறது, ஐந்து வருஷத்துக்கு முன் என்ன விலை, வெளிநாட்டிலிருந்து யார் பணம் அனுப்புகிறார் என்று கேட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். பெயரை எழுதாமல் வீட்டுக்கு எண் போடுங்கள். துறைத் தலைவர்களே, அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போக விடாமல் நூலகத்தில் அடுக்கி வையுங்கள். ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதி வைத்தது இருந்ததால்தான், இருபது ஆண்டு கழித்துத் தாமஸ் அதே கிராமங்களுக்கு ஆள் அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.