உராய்வு மட்டும்தானா காரணம்?

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்பதே அந்த வரி. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு அது மனப்பாடம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று ஊரின் பெயர் மாறும். இறந்தோர் எண்ணிக்கை மாறும். உராய்வு மட்டும் மாறுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அந்தச் சொல்லைக் கேட்டோம். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்வுத்தாளில் ஒரு மாணவன் இவ்வளவே எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

உள்ளங்கைகளைச் சேர்த்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. அழுத்தி, வேகமாகத் தேயுங்கள், சுடும். ஒரு வினாடியில் பிறக்கும் வெப்பம், உராய்வு விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. அழுத்தினால் விசை கூடுகிறது. வேகம் கூடினாலோ, பிறந்த வெப்பம் பரவிச் செல்ல நேரம் கிடைப்பதில்லை. ஒரே புள்ளியில் தங்கிவிடுகிறது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த மருந்துக்கு அப்படிப்பட்ட ஒரு சிறு புள்ளி போதும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே தந்துவிடும்.

ஆக, கணக்கில் இருப்பவை அழுத்தமும் வேகமும். இவை ஒரு மனிதரின் கையிலிருந்து வருகின்றன. அந்தக் கை அன்று எத்தனையாவது மணி நேரமாக உழைத்துக்கொண்டிருந்தது? முந்தின இரவு அந்த மனிதர் எவ்வளவு நேரம் தூங்கினார்? செய்தியில் இதற்கு இடமில்லை.

எங்கள் பக்கத்தில் பல வேலைகளுக்கு ‘பீஸ் ரேட்டு’தான், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி. மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க முடியாது, வேலை நின்றுபோகும் என்ற கவலை வேறு. ஆகவே தீபாவளிக்கு முந்திய மாதங்களில் கை ஓயாது. தன் தாயார் உறங்கும்போதுகூட அவர் விரல்கள் திரி சொருகுவதுபோல் அசைகின்றன என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

உடல் களைப்பு ஒரு பங்கு என்றால், மனக் களைப்பு மறு பங்கு. எந்நேரமும் விழிப்பாக இருக்கவேண்டிய வேலை மனத்தை விரைவில் தேய்த்துவிடும். ராடார் திரையைக் கண்காணிப்பவர்களின் சிக்கலை ஆராய்ந்த மேக்வொர்த் என்ற உளவியலறிஞர், கடிகார முள்போல் நகரும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சிலரைப் பணித்தார். முள் எப்போதாவது ஒருமுறை இருமடங்கு தாவும். அதைக் கண்டு சொல்லவேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அவர்கள் தவறவிடத் தொடங்கினார்கள். 1948இல் வெளியான முடிவு இது. அங்கே தவறவிட்டால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே அப்படியா?

வேறு துறையில் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்கிறார்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் விமானம் விழுந்து 158 பேர் இறந்தனர். விசாரணைக் குழு ஓடுபாதையை மட்டும் அளந்துவிட்டுப் போகவில்லை. தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியதையும், விழித்தவுடன் வரும் மந்த நிலையையும் ஆராய்ந்தது. விமானிக்குக் கேட்கப்படும் கேள்வி, மருந்து அடைப்பவருக்கு ஏன் கேட்கப்படக்கூடாது?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் வேலை நேர வரம்பைத் தளர்த்தும் மசோதா ஒன்று நிறைவேறியது நினைவிருக்கலாம். நாளுக்கு 12 மணி வீதம் நான்கு நாள், மொத்தம் அதே 48 மணிதானே என்று சிலர் கணக்குச் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்தது; மே முதல் நாள் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பெருக்கல் வாய்பாட்டில் பிழையில்லை. ஆனால் பன்னிரண்டாவது மணியும் முதல் மணியும் மனிதனுக்கு ஒன்றல்ல.

இதை அளந்து காட்டியவர் ஓர் இயற்பியலறிஞர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கு எல்லை வகுத்த எர்ன்ஸ்ட் அபேதான் அவர். அவருடைய தந்தையார் நூற்பாலையில் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் நின்று உழைத்தவர். ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த ஸைஸ் ஆலையில் அபே 1900இல் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தார். 233 தொழிலாளர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது ஒரு மணி நேர உற்பத்தி சுமார் 16 விழுக்காடு உயர்ந்திருந்தது. நாள் உற்பத்தியும் குறையவில்லை. சிறிது கூடியே இருந்தது.

இதை அப்படியே சிவகாசிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். அபேயின் ஆட்கள் கண்ணாடி வேலை செய்தவர்கள். அங்கே கை விரைந்தால் லாபம். மருந்தறையில் கை விரைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே கண்டோம். நேரத்தைக் குறைத்துவிட்டு அதே எண்ணிக்கையைக் கேட்டால் ஆபத்து கூடத்தான் செய்யும். எனவே மருந்தைத் தொடும் வேலைகளுக்காவது எண்ணிக்கைக் கூலியை விட்டு நாள் கூலி தரவேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அதைத் தொழிலாளர்களே விரும்பமாட்டார்கள் என்கிறார் என் நண்பர் ஒருவர். இருக்கலாம். நாள் கூலி எவ்வளவு என்று சொல்லிவிட்டு அவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.