பாட்டில் பனையின் விதை

நர்சரியில் ‘பாட்டில் பாம்’ என்று கேட்டால் உடனே கைகாட்டுவார்கள். அடி பருத்து, மேலே போகப்போக ஒடுங்கி, தலையில் வளைந்த நாலைந்து மட்டைகளோடு நிற்கும் குட்டைப் பனை. மட்டை கூடினால் அடிமரத்தின் வளைவு மறைந்துபோகும். குறைவாக இருப்பதே அதற்கு அழகு.

இதன் சொந்த ஊர் மொரிஷியஸுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் உள்ள ரவுண்ட் தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. ஆடுகள் 1979-இலும் முயல்கள் 1986-இலும் அகற்றப்படுவதற்குள், முதிர்ந்த மரங்கள் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. அதே பனை ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் நம் ஊர் பங்களா வாசல்களிலும் செழித்து நிற்கிறது. விதை கைமாறியதன் பலன் அது.

அலங்காரப் பனைகள் பலவற்றின் விதை, நெல்லைப்போலக் காயவைத்துக் குதிரில் போடக்கூடியதல்ல. காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் பனை வளர்ப்பவர் சேர்த்துவைப்பதைவிடச் சீக்கிரம் கொடுத்துவிடுவதையே விரும்புவார். அப்படிக் கொடுக்கவும் வாங்கவும் ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். 1956-இல் டென்ட் ஸ்மித் என்பவர் ஃப்ளோரிடாவில் பனை ஆர்வலர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு.

பழுத்த பழத்தை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சதையைத் தேய்த்து எடுக்க வேண்டும். (கூந்தற்பனைப் பழமென்றால் கையுறை கட்டாயம், வெறுங்கையால் பிசைந்தவருக்கு அரிப்பு லேசில் அடங்காது.) பிறகு ஈரத்தைப் பிழிந்த தென்னை நார்த்தூளோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைப்பார்கள். அப்புறம் காத்திருப்புதான். சில விதை மாதக்கணக்கில் அசையாது. ஒருநாள் விதையின் ஓரத்தில் சின்னக் குமிழ் ஒன்று புடைத்திருக்கும்; அதிலிருந்து வேர் கீழேயும் குருத்து மேலேயும் கிளம்பும். இளங்கன்றின் மட்டையில் ஓடும் செம்மையைப் பார்ப்பதற்காகவே மறுபடி விதைக்கலாம்.

ஆனால் முளைப்பது கலப்பில்லாத பாட்டில் பனைதானா என்பது வேறு கேள்வி. அதன் ஒரு பாளையில் ஆண் பூக்கள் மலர்ந்து உதிர்ந்த பிறகே பெண் பூக்கள் விரியும். மகரந்தம் பெரும்பாலும் வேறு பாளையிலிருந்தோ வேறு மரத்திலிருந்தோ வரவேண்டும். பக்கத்தில் ரோட்ரிக்ஸ் தீவின் கதிர்ப்பனை நின்றால் இரண்டும் கலந்துவிடக்கூடும். தோட்டத்து விதையை அப்படியே ரவுண்ட் தீவுக்குத் திருப்பி அனுப்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தேர்ந்த வளர்ப்பாளர் தரும் விதைப் பையில் ஒரு சீட்டு இருக்கும்: தாய்மரம் எங்கே நிற்கிறது, பழம் என்றைக்கு விழுந்தது, அருகில் வேறு பனை எது.